எரியோட்டுப் பாஸ்கலின் மூன்றாம் ஓலை

திண்டுக்கல் மரியராஜ் சார் வீட்டில் வாத்தியார் வேலை பார்க்காத உயிர் இரண்டுதான். ஒன்று பூனை. இன்னொன்று மகள் பிரிஸ்கில்லா. சார் வரலாறு. அவர் மனைவி சகாயசெல்வி டீச்சர் கணக்கு. மூத்த மகன் விலங்கியல், மருமகள் தையல். பிரிஸ்கில்லா மட்டும் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, நாகல் நகரில் பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் கடையின் மாடியில், 'ராபின் இன்ஃபோ சிஸ்டம்ஸ்' என்று போர்டு தொங்கும் அறையில் போய் உட்கார்ந்திருந்தாள். 2004-ஆம் வருடம் அது. உத்தியோகத்தின் பெயர் டெஸ்டர்.

"டெஸ்டர்னா, கரண்டு இருக்கான்னு குத்திப் பாக்குற ஸ்க்ரூ டிரைவர்தானே?" என்று கேட்டார் சார்.

"கிட்டத்தட்ட அதே வேலைதான்ப்பா. மத்தவங்க எழுதுன புரோகிராம்ல எங்க ஷாக் அடிக்குதுன்னு நான் தொட்டுப் பாக்கணும்."

"அடிச்சா?"

"எழுதுனவங்களத் திட்டலாம்."

இந்தப் பதிலில் வாத்தியார் வேலையின் வாசனை இருந்ததால் சார் கொஞ்சம் இளகினார். ஆனாலும் டிவி பெட்டியின் மேல், மாதா சுரூபத்தின் காலடியில், பி.எட். விண்ணப்பம் ஒன்றை வாங்கி வைத்துவிட்டார். பிறகு ஓர் ஒப்பந்தம் பேசினார். ராபின் கம்பெனி பங்குக் கோயிலுக்கு ஒரு புரோகிராம் செய்து கொடுக்கிறது அல்லவா, அது மூன்று ஞாயிறு பிழையில்லாமல் ஓடட்டும். ஓடினால் பிரிஸ்கில்லா அந்த மாடியிலேயே இருக்கலாம். ஒரே ஒரு பிழை வந்தாலும் பி.எட்.

அவள் தலையாட்டினாள். நாற்பது பிள்ளைகள் முன்னால் சாக்பீஸோடு நிற்பதை நினைத்தாலே அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்தால் கைதட்டுகிற இடம் உலகத்தில் அந்த மாடி ஒன்றுதான் என்று அவள் நம்பினாள். அதை விட்டுவிட்டு எங்கே போவாள்?

அந்தப் புரோகிராம் என்னவென்று சொல்லிவிட வேண்டும். கத்தோலிக்கர் வீட்டில் கல்யாணம் என்றால், அதற்கு முன் மூன்று ஞாயிறு பூசை முடிவில் கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகன் இன்னாரும், இன்னார் மகள் இன்னாரும் மணமுடிக்க விரும்புகிறார்கள், இதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று. சபையே காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும் பகுதி அது. பிரசங்கத்தில் தூங்குகிறவர்கள்கூட ஓலைக்கு எழுந்துவிடுவார்கள்.

பங்குச் சாமியார் மிக்கேல்ராஜ் நல்ல மனுஷர். கையெழுத்துதான் சரியில்லை. மையில் விழுந்த எறும்பு காகிதத்தில் நடந்து போனது மாதிரி இருக்கும். அதை மைக்கில் வாசிக்கிற பொறுப்பு மரியராஜ் சாருடையது. சார் முன்கூட்டிப் பார்த்து வைத்துக்கொண்டு வாசிப்பவர் அல்ல. "காகிதத்துல இருக்குறத வாசிக்கிறவன்தான் வாசகன். முன்னாலயே படிச்சுட்டு வந்து ஒப்பிக்கிறவன் நாடகக்காரன்" என்பார். எறும்புக் கையெழுத்தோடு வருஷக்கணக்கில் போராடிக் களைத்து, ஓலையைக் கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டும் என்று பங்குப் பேரவையில் முதலில் எழுந்து பேசியவரே அவர்தான்.

புரோகிராமை எழுதியவர் முதலாளி ராபின். சோதித்தவள் பிரிஸ்கில்லா. அவள் ஒவ்வொன்றையும் கையால் அடித்துப் பார்க்காமல், தானாக ஓடும் ஒரு சோதனை எழுதி வைத்திருந்தாள். அது ஒரு பொய் மாப்பிள்ளையையும் ஒரு பொய்ப் பெண்ணையும் உண்டாக்கும். அவர்களுக்கு ஓலை எழுதி ஃபைலாக வைக்கும். முதல் ஓலை, இரண்டாம் ஓலை, மூன்றாம் ஓலை என்று வரிசை சரியாக நகர்கிறதா என்று பார்க்கும். எல்லாம் முடிந்தபின் கடைசி வரியில் அந்த ஃபைலை அழித்துவிடும். சமைத்து, ருசி பார்த்து, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகிற சமையல்காரி மாதிரி.

இதில் இரண்டு சங்கதி இருந்தது. அவள் அப்போது கவனிக்கவில்லை.

ஒன்று, கழுவுகிற வேலை கடைசி வரியில் இருந்தது. நடுவில் ஏதாவது ஆகி சோதனை நின்றுபோனால் அந்த வரிக்கு யார் போவது? பாத்திரம் அப்படியே கிடக்கும்.

இரண்டு, பொய்ப் பெண்ணின் விவரங்கள். அப்பா பெயர், அம்மா பெயர், ஞானஸ்நானத் தேதி, உறுதிபூசுதல் தேதி என்று எதையும் காலியாக விட்டால் புரோகிராம் ஏற்றுக்கொள்ளாது. பிரிஸ்கில்லாவுக்கு இத்தனையும் மனப்பாடமாகத் தெரிந்த பெண் உலகத்தில் ஒருத்திதான். ஆகவே பொய்ப் பெண்ணின் பெயர் பிரிஸ்கில்லா, தகப்பனார் மரியராஜ், தாயார் சகாயசெல்வி. மாப்பிள்ளைக்கு மட்டும் கற்பனை செய்தாள். கல்லூரியில் படித்த ஒரு கம்ப்யூட்டர் மொழிக்குப் பாஸ்கல் என்று பெயர். ஊருக்கு, ஜன்னல் வழியே தெரிந்த பஸ்ஸின் போர்டைப் பார்த்தாள். எரியோடு.

முதல் ஞாயிறு பழுதில்லாமல் போனது. சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசித்தார். அன்றைக்கு வீட்டில் கறிக்குழம்பு.

அடுத்த சனிக்கிழமை ஒரு சின்னத் திருத்தத்தைப் போடுவதற்காகப் பிரிஸ்கில்லா, கோயில் கம்ப்யூட்டர் இருந்த சாமியார் வீட்டுக்குப் போனாள். "அங்கயே ஒரு தடவ டெஸ்ட ஓட்டிப் பாத்துட்டு வந்துரும்மா" என்று ராபின் சொல்லி அனுப்பியிருந்தார். ஓட்டினாள். மூன்றாம் ஓலை எழுதி முடித்த நேரத்தில் கரண்டு போய்விட்டது. செத்த நேரம் கழித்து வந்தது. மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள். எல்லாம் பாஸ். இரண்டாவது சோதனை தன் ஃபைலைச் சமர்த்தாக அழித்தது. முதல் சோதனையின் ஃபைல் மட்டும், நிஜ ஓலைகள் இருந்த அதே ஃபோல்டரில், நிஜ ஓலையைப் போலவே உட்கார்ந்திருந்தது.

மறுநாள் காலை மிக்கேல் சாமியார் தானே மவுசைப் பிடித்து 'அச்சிடு' என்ற இடத்தில் அமுக்கினார். ஃபோல்டரில் இருந்த அம்புட்டையும் பிரிண்டர் கக்கியது. அந்தச் சத்தம் அவருக்குப் பிடிக்கும். தாள்களை அடுக்கி அப்படியே சார் கையில் கொடுத்தார்.

பூசை முடிந்து சார் மைக்கிற்கு வந்தார். முதல் தாள், நல்லபடி. இரண்டாவது, நல்லபடி. மூன்றாவது தாளை எடுத்தார்.

"எரியோட்டைச் சேர்ந்த, காலஞ்சென்ற அந்தோணிமுத்து – லூர்துமேரி ஆகியோரின் மகன் பாஸ்கல் என்பவரும்..."

சாரின் குரல் கணீரென்று எதிர்ச்சுவரில் போய் மோதியது. பெண்கள் பக்கத்தில் பிரிஸ்கில்லா நிமிர்ந்து உட்கார்ந்தாள். எரியோடு. பாஸ்கல். எழுந்து ஓடலாமா, மைக் ஒயரைப் பிடுங்கலாமா என்று அவள் யோசித்து முடிப்பதற்குள்,

"...நமது பங்கைச் சேர்ந்த மரியராஜ் – சகாயசெல்வி ஆகியோரின் மகள் பிரிஸ்கில்லா என்பவரும்..."

இங்கே சார் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. அத்தனை வருஷப் பழக்கம் வண்டி மாடு மாதிரி அவரை இழுத்துக்கொண்டு போனது. 'என்பவரும்' என்ற பிறகுதான் கண் திரும்பிப் போய்ப் பெயரைப் பார்த்தது. வாய் மட்டும் வாக்கியத்தை முடித்தது.

"...திருமணம் செய்துகொள்ள... விரும்புகிறார்கள். இது... மூன்றாம் ஓலை."

கோயில் முழுக்கத் தலைகள் திரும்பின. சகாயசெல்வி டீச்சர் முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு, உதடு அசையாமல் கேட்டார்.

"யாருடி பாஸ்கல்?"

இதில் ஒரு வேடிக்கை. ஓலை தப்பாக இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தங்கள் காதுதான் தப்பு என்று நினைத்தார்கள். "மூணாவது ஓலையாம்ல? மொத ரெண்டு வாசிக்கும்போது நம்ம எங்க போயிருந்தோம்?" என்று ஒருத்தி புருஷனைக் கேட்டாள். "நீதான் வேளாங்கண்ணிக்குப் போவோம்னு இழுத்துட்டுப் போன" என்றான் அவன். வாசலில் நான்கு பேர் சார் கையைப் பிடித்து வாழ்த்துச் சொன்னார்கள். "மூணாவது ஓலை வாசிச்சாச்சுன்னா இந்த வாரமே கல்யாணம். பத்திரிகை வைக்கலியே சார்?" என்று ஐந்தாமவர் முகத்தைத் தூக்கிக்கொண்டார்.

வீட்டில் கறிக்குழம்பு இல்லை.

"அது டெஸ்ட் டேட்டாம்மா. சும்மா ஒரு பேரு."

"சும்மா ஒருத்தனுக்கு அப்பா பேரு, அம்மா பேரு, அப்பா செத்துப்போனாருங்கிற விவரம் வரைக்கும் உனக்கு எப்படித் தெரியும்?"

"காலஞ்சென்றங்கிற வார்த்தை சரியா விழுதான்னு பாக்கணும்ல. அதுக்காக நாந்தான் சாகடிச்சேன்."

டீச்சர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பாஸ்கல்ங்கிற பேரு எங்க பிடிச்ச?" என்று கேட்டார்.

"அது ஒரு கம்ப்யூட்டர் லாங்குவேஜ்ப்பா."

"லாங்குவேஜுக்குப் பேரு பாஸ்கல். அப்ப கிராமருக்குப் பேரு என்ன, சவரிமுத்தா?" சார் எழுந்து டிவி மேலிருந்த விண்ணப்பத்தை எடுத்து மேசையில் வைத்தார். பேனாவையும் வைத்தார். "பையன் யாருன்னு மரியாதையாச் சொல்லு. இல்ல, அப்படி ஒருத்தன் இல்லைன்னு நிரூபி. ரெண்டும் முடியலன்னா நாளைக்கு இதை நிரப்பு."

இல்லாத ஒருவனை இல்லை என்று எப்படி நிரூபிப்பது? இருக்கிறவனைக் கூட்டிவந்து காட்டிவிடலாம்.

சாயங்காலம் சாமியார் வீட்டில் கூடினார்கள். சாமியார், சார், பிரிஸ்கில்லா, அழைத்து வரப்பட்ட ராபின். ராபின் வரும்போதே வாசலில் செருப்பைத் திரும்பிப் போக வாகாகக் கழற்றி வைத்தார்.

"சாமி, சாஃப்ட்வேர்ல தப்பே கெடையாது. மின்சாரத்துலதான் தப்பு."

"அப்ப நான் மின்சார வாரியத்தைக் கூப்பிட்டு ஓலையத் திருத்தச் சொல்லட்டுமா?" என்றார் சாமியார்.

பிரிஸ்கில்லா கம்ப்யூட்டரைப் போட்டாள். சோதனையை ஓட்டி, நடுவில் பிளக்கைப் பிடுங்கி, மறுபடி செருகி, ஃபோல்டரைத் திறந்து காட்டினாள். புத்தம்புதிதாக இன்னொரு பாஸ்கல் – பிரிஸ்கில்லா ஓலை கிடந்தது. "பாத்தீங்களா சாமி, நின்னுபோச்சுன்னா மிச்சம் கெடக்குது. தப்பு என்னோடது. அழிக்கிறதக் கடைசில வச்சேன், நிஜ ஓலை இருக்குற எடத்துலயே வச்சேன். ஆனா ஆளு பொய்."

மிக்கேல் சாமியார் சம்மதிக்கிற மாதிரித் தலையசைத்தார். சாருடைய புருவமும் ஒரு நூல் இறங்கியது. அந்த நேரம் பார்த்து வெளியே வராந்தாவில் செருப்புச் சத்தம்.

"ஸ்தோத்திரம் சாமி. தடை சொல்ல வந்திருக்கேன்."

மவுண்ட்ஸ்புரத்து ஜோஸ்பின் அம்மாள். பங்கில் யார் வீட்டில் என்ன குழம்பு, தொட்டுக்கொள்ள என்ன வெஞ்சனம் என்பதுவரை அறிந்தவர். புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு உள்ளே வந்தார்.

"என்ன தடைம்மா?" சாமியாரின் குரல் சன்னமாக வந்தது.

"சார் மனசு கஷ்டப்படும். இருந்தாலும் கடமைன்னு நீங்கதான வாசிக்கச் சொல்றீக. அந்த எரியோட்டுப் பாஸ்கலு நல்ல பய இல்ல சாமி. பஸ் ஸ்டாப்புக்கு எதுத்தாப்புல லேத்துப் பட்டறை வச்சிருக்கான்ல, அவந்தான். பொழுது சாஞ்சா தண்ணி. வேடசந்தூர்ல ஒரு பிள்ளைக்குப் பரிசம் போட்டுட்டு அத்து விட்டவன்."

சாரின் புருவம் பழைய இடத்துக்கே ஏறியது. பிரிஸ்கில்லா வாயைத் திறப்பதற்குள் இன்னொருவர் வந்தார். ஒட்டன்சத்திரத்துப் பக்கத்திலிருந்து வந்து இங்கே வெங்காய மண்டி வைத்திருக்கும் சூசைமாணிக்கம்.

"ஏனுங்க சாமி, இது நியாயமுங்களா? அந்தோணிமுத்து எனக்குப் பெரியப்பன் மகனுங்க. அவன் செத்ததுக்கும் சொல்லல, இப்ப அவன் பையன் கல்யாணத்துக்கும் சொல்லல. மூணு ஓலை வாசிச்சுப்போட்டாங்க. சித்தப்பன்காரன் நான் ஒருத்தன் உசுரோட இருக்கறதா இல்லையாங்க?"

"உங்க அண்ணன் மகன் பேரு பாஸ்கலா?" என்று கேட்டார் சாமியார்.

"பேரெல்லாம் எப்படிங்க ஞாபகம் இருக்கும்? போக்குவரத்தே இல்லீங்களே. அதுதானுங்க எனக்கு வருத்தம்!"

சாமியார் இருவரையும் வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லி, காபி கொண்டுவரச் சொன்னார். கதவைச் சாத்திவிட்டு வந்து, பிரிஸ்கில்லாவைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"இல்லாத ஒருத்தனுக்குப் பட்டறை இருக்கு. குடிப்பழக்கம் இருக்கு. கோவிச்சுக்கிட்ட சித்தப்பன் இருக்காரு. நான் என்னம்மா பண்ணட்டும்?"

"பி.எட்.டுக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள்" என்றார் சார், சுவரைப் பார்த்து.

பிரிஸ்கில்லாவுக்கு முதலில் அழுகை வந்தது. பிறகு, தொழில் புத்தி வந்தது. இத்தனை நேரம் அவள் தன்னையும் தன் புரோகிராமையும் மட்டுமே சோதித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காபி குடிக்கிறார்களே, அவர்களை யார் சோதித்தது?

"அப்பா, ஒரே ஒரு உதவி. நீங்களே ஒரு பேரு நெனச்சுக்கங்க. ஊரோட. இது வரைக்கும் கேட்டே இராத பேரா இருக்கணும். எங்கிட்டச் சொல்ல வேணாம். நேரா ஜோஸ்பின் அம்மாகிட்டப் போய்த் தெரியுமான்னு கேளுங்க."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"கேள்வி கேக்கச் சொல்றேன். பரீட்சைல தப்பான விடையவும் நாலுல ஒண்ணாக் குடுப்பீங்கல்ல, அது பொய்யா?"

இது சாருக்கு நியாயமாகப் பட்டது. அவர் வராந்தாவுக்குப் போனார். மற்ற மூவரும் கதவிடுக்கில் காதை வைத்தார்கள். சாமியார் காது எல்லோருக்கும் கீழே இருந்தது.

"ஜோஸ்பினம்மா, இந்தப் பாஸ்கல் விவகாரம் கெடக்கட்டும். பாலசமுத்திரத்துல ஞானஅருள்னு ஒரு பையன். தெரியுமா?"

"தெரியாமயா!" காபி டம்ளர் பெஞ்சில் 'ணங்' என்று உட்கார்ந்தது. "பழனி போற ரோட்டுல, தென்னந்தோப்பு வீடு. செவத்த பய. அவுக அம்மாவுக்குச் சக்கரை."

"தோப்பு சொந்தமா?"

"சொந்தந்தான். அண்ணந்தம்பிக்குள்ள வழக்கு ஓடுது."

"அண்ணன் பேரு ஞானராஜ்தானே?" என்றார் சார். அப்படி ஒரு பெயரை அவரே அந்த நொடியில்தான் கேள்விப்பட்டார்.

"ஞானராஜேதான்! கால் செத்தச் சாய்ச்சு நடப்பான். அவனுக்குப் பொண்ணு குடுத்தது வத்தலக்குண்டுல."

சார் விடவில்லை. தேர்வாளராகப் பல வருஷம் இருந்த மனுஷர். ஞானஅருளுக்கு ஒரு அக்காவைக் கொடுத்தார், ஜோஸ்பின் அம்மாள் அவளுக்கு மூன்று பிள்ளைகள் கொடுத்தார். சார் ஒரு அம்பாசிடர் காரைக் கொடுத்தார், ஜோஸ்பின் அம்மாள் அது கொடைக்கானல் மலையில் கவிழ்ந்த கதையைச் சொன்னார். பக்கத்தில் சூசைமாணிக்கம், "அந்தக் காரை நானே பாத்திருக்கறனுங்க" என்றார்.

சார் உள்ளே வந்தபோது நெற்றியில் வியர்த்திருந்தது. கதவைச் சாத்தினார்.

"பாஸ்கல்னு ஒருத்தன் இல்ல" என்றார் சாமியாரிடம். "ஊர்ல யாருமே இல்லாமப் போனாலும் அந்தம்மா ஜனத்தொகைக் கணக்கு குடுத்துரும்."

ராபின் கைதட்டப் போய், யாரும் தட்டாததால் கொசு அடிக்கிற மாதிரி முடித்துக்கொண்டார்.

ஆனால் விஷயம் முழுதும் தீரவில்லை. வீடு திரும்பும் வழியில் சார் சொன்னார். "பையன் இல்லைங்கிறத ஒத்துக்கிட்டேன். ஆனா பிழை வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு."

"ஒப்பந்தம் என்ன?"

ஒப்பந்தம் அவளுக்கும் ஞாபகம் இருந்தது. அன்றைக்கு ராத்திரி விண்ணப்பத்தை நிரப்பினாள். பெயர், தகப்பனார் பெயர், தாயார் பெயர். இந்தத் தடவை நிஜத்துக்கு. கையெழுத்துப் போட்டு அப்பாவிடம் கொடுத்தாள். சார் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

மறுநாள் அவள் மாடிக்குப் போய், வேலையை விட்டுப் போவதற்குள் இதையாவது செய்துவிட்டுப் போவோம் என்று சோதனையைத் திருத்தி எழுதினாள். சோதனைக்குத் தனி ஃபோல்டர். ஆரம்பிக்கும்போதே முந்தின மிச்சத்தைத் துடைக்கிற வரி. நடுவில் விழுந்தாலும் கடைசியில் துடைத்துவிட்டே போகிற ஏற்பாடு. பொய்ப் பெண்ணின் பெயர் இனிமேல் 'பெண் ஒன்று'. அவள் தகப்பனார் 'தகப்பன் ஒன்று'. ராபின் பிளக்கைப் பன்னிரண்டு தடவை பிடுங்கிப் பார்த்தார். ஒரு தூசி மிஞ்சவில்லை.

வெள்ளிக்கிழமை போனது. ஞாயிறு வந்தது. ஓலைகள் சரியாக இருந்தன. கடைசியில் சார், சாமியார் எழுதிக்கொடுத்த ஒரு அறிவிப்பையும் வாசித்தார். சென்ற ஞாயிறு எரியோட்டுப் பாஸ்கல் பெயரில் வாசிக்கப்பட்ட ஓலை கம்ப்யூட்டர் சோதனையில் நேர்ந்த பிழை, அப்படி ஒரு மணமகன் கிடையாது என்று. சபை பெருமூச்சு விட்டது. "சாமியே சேந்து மூடி மறைக்கிறாருன்னா விஷயம் பெருசுதான்" என்று பின்வரிசையில் முடிவாயிற்று.

திங்கட்கிழமை மத்தியானம் டயர்க் கடை மாடிப்படியில் கனமான காலடி கேட்டது. மரியராஜ் சார். அந்த மாடிக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை. ரப்பர் நாற்றத்துக்கு மூக்கைச் சுளித்தபடி, ராபின் தள்ளிய நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"காலையில ஸ்டாஃப் ரூம்ல மூணு பேரு கைகுடுத்தாங்க" என்றார். "பாஸ்கல விட இந்த இடம் நல்ல இடம் சாருன்னு."

"எந்த இடம்ப்பா?"

"பாலசமுத்திரம். ஞானஅருள்." சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் விசாரிச்சேன்ல, அதுனால நான் பாத்த மாப்பிள்ளைன்னு ஜோஸ்பினம்மா ஊரெல்லாம் சொல்லியாச்சு. வெங்காய மண்டிக்காரரு அம்பாசிடர் காரு வரைக்கும் சாட்சி சொல்றாரு. உங்க அம்மா தோப்பு வழக்குல எந்த வக்கீலுன்னு விசாரிக்கிறா. அம்மாகிட்ட நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன், இருந்தாலும் விசாரிக்கிறா."

ராபின் மானிட்டருக்குப் பின்னால் குனிந்து எதையோ தேடுகிற மாதிரி தோள் குலுங்கிக்கொண்டிருந்தார்.

"அதை எப்படிம்மா அழிக்கிறது?" என்று கேட்டார் சார். நிஜமாகவே தெரியாமல் கேட்கிற பையன் குரலில்.

"தெரியலப்பா. அது ஜோஸ்பினம்மாகிட்டல்ல இருக்கு."

சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். எழுந்தார். பிரிஸ்கில்லா கூடவே வாசல்வரை வந்தாள். சார் படிக்கட்டில் இரண்டு படி இறங்கி நின்றார். சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து, அதைப் பார்க்காமலே, கைப்பிடிச் சுவருக்கு மேலாக அவள் பக்கம் நீட்டினார்.

"தபால்ல சேக்க மறந்துட்டேன்" என்றார். "வெள்ளிக்கிழமையோட தேதி முடிஞ்சிருச்சு."

பள்ளிக்கூட வாழ்க்கையில் ஒரு தேதியைக்கூட மறந்திராத மனுஷர், திரும்பிப் பார்க்காமல் மற்ற படிகளையும் இறங்கிப் போனார்.